முன்பனிக் காலத்துத் தனிநடை
(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)





ஆண்டு விழா மேடையில் ஏறுகின்றவர்கள் கல்வியைப் பற்றியும், ஒழுக்கத்தைப் பற்றியும், சமூகத் தொண்டைப் பற்றியும் பேசுவது வழக்கம். அவை யாவும் பேசப்பட வேண்டியவையே. ஆயினும் இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் சற்று வேறானது. குளிர்காலத்திலே ஒருவர் தனியாகப் புறப்பட்டு, மலையையும் மரத்தையும் பறவையையும் பார்த்துக்கொண்டு நடப்பதில் உள்ள இன்பத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். "இதுவும் ஒரு விஷயமா? வேலையற்றவன் செய்யும் வேலையன்றோ இது!" என்று பெரியவர்கள் சிலர் மனத்துக்குள் சிரிக்கக்கூடும். தீர்ப்பைப் பேச்சு முடிந்த பின் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் ஒரு கேள்வி. நமக்குக் குளிர்காலம் என்று ஒன்று உண்டா? பாடப் புத்தகங்களில் நாம் காணும் குளிர்காலம் வெண்பனி மூடிய ஐரோப்பிய நாட்டுக் குளிர்காலம். அது நமக்கு இல்லை. ஆனால் நம் முன்னோர் ஓர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரித்தபோது, அவற்றுள் மூன்றைக் குளிருக்கே கொடுத்தார்கள். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி என்று வகுத்த தொல்காப்பியர், அதற்குரிய காலமாகக் கூதிரையும் முன்பனியையும் சொன்னார். மலைக்கு அழகு குளிர்காலத்திலே என்பதை அன்றே கண்டிருக்கிறார்கள். ஹேவாஹெட்டையில் வாழும் நமக்கு இதற்கு உரையாசிரியர் வேண்டியதில்லை. விடியற்காலையில் கதவைத் திறந்தாற் போதும்.

நம் பகுதியின் குளிர்காலத்துக்கு இரண்டு முகங்கள் உண்டு. டிசெம்பரிலும் ஜனவரியின் முற்பகுதியிலும் வடகீழ்ப் பருவக்காற்று மழையையும் மூட்டத்தையும் கொண்டுவருகிறது. கம்பளி நனையும், விறகு எரியாது, கொழுந்து எடுக்கும் பெண்களின் விரல்கள் விறைத்துப்போகும். பிறகு தைப்பொங்கலை ஒட்டி வானம் மெல்லத் தெளிகிறது. பகலில் இள வெயில், இரவில் கடுங்குளிர் என்று பெப்ரவரி வரை நீள்கிறது. நான் சொல்லும் தனிநடைக்கு உகந்த காலம் இந்த இரண்டாவது பகுதியே.

அடுத்தது தனிமை. தனிமை என்றதும் பலருக்குப் பயமோ இரக்கமோ உண்டாகிறது. "பாவம், தனியாக இருக்கிறான்" என்கிறோம். ஆனால் ஆதரவின்றித் தனித்துவிடப்படுவது வேறு. நாமாக விரும்பிச் சிறிது நேரம் தனித்திருப்பது வேறு. முன்னதைத் துன்பம் என்கிறோம். பின்னதை ஏகாந்தம் என்கிறோம். அமெரிக்காவிலே ஹென்றி டேவிட் தோரோ என்பவர் 1845ஆம் ஆண்டு முதல் 1847ஆம் ஆண்டு வரை வால்டன் என்ற குளக்கரையில் தம் கையாலே கட்டிய சிறு குடிலில் தனியாக வாழ்ந்தார். இரண்டு குளிர்காலங்களை அங்கே கழித்தார். பகவத் கீதையை விரும்பிப் படித்தவர் அவர். காந்தியடிகள் மதித்த எழுத்தாளரும் அவரே. அவர் உலகத்தை வெறுத்து ஓடியவரல்லர். ஊருக்கு நடந்து போகும் தூரத்திலேதான் அவருடைய குடில் இருந்தது, நண்பர்கள் வந்தார்கள், அவரும் ஊருக்குள் போய் வந்தார். தனிமையை உறவுக்கு எதிரியாக்காமல் வாழ்ந்த அவரிடம் நாம் கற்க வேண்டியது உண்டு.

லயத்திலே பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதன் அருமை மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும். ஒரு காம்பராவுக்குள் பெற்றோர், பிள்ளைகள், பாட்டி எல்லோரும். சுவருக்கு அப்பால் இன்னொரு குடும்பம். பெரட்டில் கூட்டம், மலையில் கூட்டம், பீலிக்கரையில் கூட்டம், பஸ்ஸில் கூட்டம். இப்போது கையிலுள்ள தொலைபேசிக்குள்ளும் ஒரு கூட்டம். கூட்டத்தில் இருப்பது தவறில்லை. நம் மக்களைக் காத்ததே அந்தக் கூட்டுறவுதான். ஆனால் தன் எண்ணத்தின் ஓசையைத் தானே கேட்க ஒரு மணி நேரமாவது வேண்டாமா? அந்த ஒரு மணி நேரத்தை மலை நமக்கு இலவசமாகத் தருகிறது.

சரி, தனியே போனால் அப்படி எதைத்தான் காண்பது? மூன்று காட்சிகளை மாத்திரம் சொல்கிறேன்.

முதலாவது மூடுபனி. தெளிந்த இரவில் நிலம் தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிடுகிறது. நிலத்தை ஒட்டிய காற்றுக் குளிர்ந்து கனத்து, தண்ணீரைப் போலவே சரிவில் இறங்கிப் பள்ளத்தாக்கில் தேங்குகிறது. அதிலுள்ள நீராவி நுண்ணிய துளிகளாகிப் பனிமூட்டமாகிறது. ஆகவே விடியற்காலையில் உயர்ந்த இடத்தில் நிற்பவனுக்குக் காலடியில் வெண்கடல் தெரியும். குன்றுகளின் தலைகள் மட்டும் தீவுகள் போல மேலே நிற்கும். வடக்கே தும்பறை மலைத்தொடர் கைமுட்டியை மடக்கி வைத்தாற்போல எழுந்து நிற்கும். ஆங்கிலேயர் அதற்கு விரல்முட்டிகளின் பெயரை வைத்ததும் அதனாலேதான். 2010ஆம் ஆண்டில் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த மத்திய மலைநாட்டில் அம்மலையும் அடங்கும். வெளிநாட்டார் பணம் செலவிட்டுப் பார்க்க வரும் அந்தக் காட்சியை நாம் பல் விளக்கிக்கொண்டே பார்க்கிறோம், ஆனால் பார்ப்பதில்லை!

சூரியன் ஏறியதும் என்ன நிகழ்கிறது என்று பொறுமையாக நின்று கவனியுங்கள். பனிக்கடல் உடனே மறைந்துவிடாது. முதலில் அதன் மேற்பரப்பு அசையும்; பிறகு துண்டு துண்டாகப் பிரிந்து, சரிவு வழியே மேலேறி, நம்மையே ஒரு நிமிடம் மூடிவிட்டுப் போகும். அந்த ஒரு நிமிடத்தில் கண்ணுக்கு வேலையில்லை, காதுக்குத்தான் வேலை. கிரவில்லியா இலையிலிருந்து சொட்டும் நீர், எங்கோ நாய் குரைப்பது, கீழே ஓடையின் ஓசை என்று ஒவ்வொன்றும் தனித்தனியே கேட்கும். இருவர் சேர்ந்து போனால் பேச்சுக் குறுக்கிடும். இவற்றுள் ஒன்றும் கேட்காது.

உயரம் ஏற ஏறக் குளிர் கூடுவதும் கணக்குப்படியே நிகழ்கிறது. நூறு மீற்றருக்கு ஏறத்தாழ 0.6 பாகை குறையும். கண்டி நகரம் சுமார் 500 மீற்றர் உயரத்தில் உள்ளது. நுவரெலியா 1,800 மீற்றருக்கும் மேலே. ஆதலால் இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 8 பாகை வித்தியாசம். ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் நுவரெலியாப் பக்கத்துப் பள்ளங்களில் உறைபனி படிந்து தேயிலைக் கொழுந்தைக் கருக்கிவிடுவதுண்டு. மேட்டிலுள்ள செடி தப்பிக்க, பள்ளத்திலுள்ள செடி கருகுவது ஏன் என்று இப்போது உங்களுக்கே விளங்கும். குளிர்ந்த காற்று பள்ளத்தில் தேங்குகிறது என்றேன் அல்லவா?

இரண்டாவது காட்சி பறவைகள். குளிர்காலத்தில் நம் மலைக்கு விருந்தினர் வருகிறார்கள். ஓடைக்கரைக் கல்லின்மேல் வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு, வயிற்றில் மஞ்சள் பூசிய ஒரு சிறு குருவியைப் பார்த்திருப்பீர்கள். அது வாலாட்டிக் குருவி. இமயத்திலும் அதற்கு அப்பாலுள்ள வடநாடுகளிலும் கூடு கட்டுவது. பச்சை முதுகும் செம்மை படர்ந்த அடிவயிறும் குட்டை வாலும் கொண்டு, புதர்களின் அடியில் சருகைக் கிளறும் பறவை ஆறுமணிக்குருவி. காலையிலும் மாலையிலும் ஆறு மணி அளவில் குரல் கொடுப்பதால் வந்த பெயர் அது. இந்தியாவிலிருந்து புரட்டாசி, ஐப்பசியில் வந்து சித்திரையளவில் திரும்பிவிடும்.

இவற்றினும் வியப்பானது காஷ்மீரத்து ஈப்பிடிப்பான். சிட்டுக்குருவியினும் சிறியது, ஆண் பறவைக்கு நெஞ்சு செந்நிறம். காஷ்மீரப் பக்கத்து மலைக்காடுகளில் கோடையைக் கழித்து, ஏறத்தாழ 3,000 கிலோமீற்றர் பறந்து, குளிர்காலத்துக்கு இலங்கையின் மலைநாட்டையே பெரும்பாலும் நாடி வருகிறது. நுவரெலியாவின் விக்டோரியாப் பூங்காவில் அதைக் காண்பதற்கென்றே கடல் கடந்து மக்கள் வருகிறார்கள். நாம் "குளிர், குளிர்" என்று போர்வைக்குள் சுருளும் அதே மலையை, அந்தச் சிறிய ஜீவன் கதகதப்பான இடமென்று தேடி வருகிறது. யாருடைய கணக்கு சரி? இரண்டும் சரிதான், குளிரும் ஒப்பிட்டுப் பார்க்கும் பொருளே.

விருந்தினரைப் போலவே வீட்டுக்காரரும் உண்டு. மஞ்சட்செவிக் கொண்டைக்குருவி இலங்கையின் மலைப் பகுதிகளிலன்றி உலகில் வேறெங்கும் இல்லை. இவற்றையெல்லாம் அறிய நமக்கு வழிகாட்டிய நூல்களுள் ஒன்று 1955இல் வெளிவந்த இலங்கைப் பறவைகள் பற்றிய நூல். அதை எழுதிப் படங்களையும் வரைந்த ஜி. எம். ஹென்றி 1891இல் ஒரு தேயிலைத் தோட்டத்திலே பிறந்தவர். தோட்டத்தில் பிறந்த ஒரு பிள்ளை, சுற்றிலும் கண்ட பறவைகளைப் பார்த்துப் பார்த்தே உலகறிந்த அறிஞரானார் என்பதை இங்குள்ள மாணவர்கள் மனத்தில் வைக்க வேண்டும். நம் தமிழரான ஆனந்த குமாரசுவாமியும், கலையைப் பற்றி எழுதுவதற்கு முன், கல்லைத் தேடி இந்நாட்டு மலைகளில் நடந்தவரே. 1904ஆம் ஆண்டில் தோரியனைற்று என்ற புதிய கனிமத்தை அவர் கண்டறிந்தார்.

மூன்றாவது காட்சி இரவு வானம். தை மாதத்துத் தெளிந்த இரவில், வாசலைவிட்டுச் சற்று விலகி விளக்கொளி படாத இடத்தில் நின்றால் போதும். அறுமீன் கூட்டமான கார்த்திகை, செந்நிற ரோகிணி, அதற்குக் கீழே மிருகசீரிடம், அதன் அருகே சிவந்து ஒளிரும் திருவாதிரை என்று, பஞ்சாங்கத்தில் பெயராக மட்டும் நாம் அறிந்தவர்கள் வரிசையாக நிற்பார்கள். மார்கழியில் நாம் கொண்டாடும் திருவாதிரை எந்த நட்சத்திரம் என்று எத்தனை பேரால் விரல் நீட்டிக் காட்ட முடியும்? மார்கழிப் பஜனைக்காக நான்கு மணிக்கு எழுந்து தோட்டத்தைச் சுற்றி வந்த பெரியவர்களுக்கு இந்த வானம் பழக்கமானது. அந்தப் பழக்கத்தை அவர்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் போக வேண்டும்.

இனி, இந்தப் பேச்சின் நடுப்பொருளுக்கு வருகிறேன்.

நம் ஊருக்கு அருகிலேயே, தெல்தோட்டைப் பக்கத்தில், லூல்கந்துர தோட்டம் இருக்கிறது. 1852ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொத்லாந்து வாலிபர் பதினேழு வயதில் அங்கே வந்து சேர்ந்தார். 1867இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அதுவே இலங்கைத் தேயிலைத் தொழிலின் தொடக்கம். இரண்டாண்டில் கோப்பியை நோய் பிடித்து, நாளடைவில் அத்தொழில் அழிந்தபோது, நாட்டைத் தாங்கியது தேயிலை. திருமணம் செய்யாத டெய்லர் நாற்பது ஆண்டுகள் அந்த மலையிலேயே வாழ்ந்து, 1892 மே மாதத்தில் அங்கேயே மறைந்தார். கண்டி மகியாவை மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் தனியே அமர்ந்து மலைகளைப் பார்த்துக்கொண்டிருந்த இடம் என்று, தோட்டத்தின் உச்சியில் ஒரு கல்லாசனத்தை இன்றும் காட்டுகிறார்கள். உல்லாசப் பயணிகள் அதில் அமர்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

நண்பர்களே, அந்த ஆசனத்தைப் பற்றிச் சிறிது சிந்தியுங்கள். அதே மலையில் அதே காலத்தில் நம் முன்னோரும் இருந்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்து, வழியிலே நோய்க்கும் பசிக்கும் எத்தனையோ பேரைப் பலிகொடுத்து வந்தவர்கள் அவர்கள். இந்த மலையின் ஒவ்வொரு பாதையையும் அவர்கள் கால் அறியும்; ஒவ்வொரு கல்லையும் அவர்கள் கை அறியும். ஆயினும், "சற்று உட்கார்ந்து பார்" என்று அவர்களுக்கு ஓர் ஆசனம் இருந்ததா? அவர்களுக்கு மலை என்றால் வேலை. "இன்றைக்கு எந்த மலை?" என்று கேட்டால், எந்தத் தேயிலை நிரையில் இன்று வேலை என்றே பொருள். இயற்கையின் மடியில் வாழ்ந்தும் இயற்கையை ஓய்வாகப் பார்க்கும் உரிமை அவர்களுக்கு வாய்க்கவில்லை. டெய்லரைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் தம் தொழிலை நேசித்தவர், மலையையும் நேசித்தவர். ஆனால் மலையை நேசிப்பது துரைமாருக்கும் உல்லாசப் பயணிக்கும் மட்டும் உரியதன்று என்பதையே சொல்ல வருகிறேன்.

1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நம்மவரில் பெரும்பாலோர் குடியுரிமையை இழந்தனர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கும் பங்கிட்டது. எஞ்சியிருந்தோருக்கும் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேதான் குடியுரிமை கிடைத்தது. "நீ எந்த நாட்டான்?" என்ற கேள்வியை மூன்று தலைமுறையாகக் கேட்டவர்கள் நாம். காணி உறுதியும் வீட்டு உறுதியும் வேண்டும். அதற்கான முயற்சி ஓயக்கூடாது. அத்துடன் இன்னோர் உறவும் வேண்டும். தான் வாழும் மலையின் பறவைக்குப் பெயர் சொல்லத் தெரிந்தவனை, ஓடை எங்கே பிறக்கிறது என்று அறிந்தவனை, எவன் வந்தேறி என்பான்? அறிந்த நிலமே சொந்த நிலம். ஆதலால் இந்தத் தனிநடையை நான் பொழுதுபோக்கு என்று மட்டும் கருதவில்லை.

இப்போது பெரியோர்களின் மனத்தில் எழும் ஆட்சேபத்துக்கு வருகிறேன். "மலை சரிந்து மக்கள் மாண்ட ஊரில், மலையைப் பார்த்து ரசிக்கச் சொல்கிறீரே!" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2007 ஜனவரியில் வலப்பனை, ஹங்குராங்கெத்தப் பகுதிகளில் நிகழ்ந்த மண்சரிவுகளை இங்குள்ளோர் மறந்திருக்க மாட்டார்கள். 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' சூறாவளி கொண்டுவந்த பெருமழை நாடெங்கும் பல நூறு உயிர்களைக் கொண்டுபோயிற்று; கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்கள் பட்ட துயரம் சொல்லில் அடங்காது. அதன் பிறகு மழைச்சத்தம் கேட்டாலே தூங்காத தாய்மார் இருக்கிறார்கள்.

நான் சொல்வது இதுவே: மலைக்கு அஞ்சுவதாலேயே மலையை அறிய வேண்டும். சரிவுக்கு முன் மலை பல சமயங்களில் அடையாளம் காட்டுகிறது. நிலத்தில் புதிய வெடிப்பு ஓடும். மரமும் வேலிக்கம்பமும் சாயும். சுவர் பிளக்கும், கதவு இறுகும். இல்லாத இடத்தில் ஊற்றுக் கிளம்பும், இருந்த ஊற்று மறையும். தெளிந்த பீலித் தண்ணீர் திடீரென்று கலங்கும். இவற்றை யார் காண்பார்? அந்த இடம் நேற்று எப்படி இருந்தது என்று அறிந்தவன்தான் இன்று மாறியிருப்பதைக் காண்பான். தை மாதத்து அமைதியில் ஒவ்வொரு வாரமும் ஒரே பாதையில் நடந்து பழகியவன் அடுத்த ஐப்பசி மழையில் ஊருக்குக் காவலாளி ஆவான். கண்டதை உடனே கிராம சேவகருக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் அறிவிக்க வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரிக்கை விடுத்தால் மறுபேச்சின்றி வெளியேற வேண்டும்.

இன்னொன்றும் பேசாமல் விடக்கூடாது. "வாலிபர்" என்று சொல்லும்போது பையன்களை மட்டும் நினைத்துக்கொள்கிறோம். பெண்பிள்ளை தனியே நடந்தால் ஊர் பேசுகிறது. பாதுகாப்பைப் பற்றிய பயமும் பொய்யன்று. ஆனால் விடிவதற்கு முன் கூடையைச் சுமந்து அட்டைக்கும் குளவிக்கும் நடுவே மலையேறும் பெண்ணுக்கு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே மலையைச் சும்மா பார்த்துவரும் உரிமை மட்டும் ஏன் இல்லை? தாய்மாரும் தகப்பன்மாரும் சிந்திக்க வேண்டும். பாதையைப் பாதுகாப்பானதாக ஆக்குவது ஊரின் கடமை. அதுவரை, இரண்டு மூன்று பெண்பிள்ளைகள் சேர்ந்து போய், கூப்பிடு தூரத்தில் தனித்தனியே உட்கார்ந்து பார்த்து வரட்டும். அதுவும் ஏகாந்தமே.

புறப்படுவோருக்குச் சில விதிகள். எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லாமல் போகக்கூடாது. மழை நாளிலும், மழை விட்ட மறுநாளிலும் சரிவுகளுக்குப் போகக்கூடாது. அனுமதி வேண்டிய காட்டுக்குள் அனுமதியின்றி நுழையக்கூடாது. குளவிக்கூட்டைக் கண்டால் சத்தமிடாமல் வந்த வழியே திரும்புங்கள். அட்டைக்குச் சிறிது உப்போ சவர்க்காரமோ போதும். பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கைக் கண்டால் அறிவியுங்கள். அதில் சிக்கிச் சிறுத்தைகள் மாள்கின்றன. பின்பனிக் காலத்தில் மானாப்புல் காய்ந்திருக்கும். ஒரு தீக்குச்சி ஒரு மலையை எரித்துவிடும். பொலித்தீன் பையைக் கொண்டு போனால் திரும்பக் கொண்டுவாருங்கள். தொலைபேசியைச் சட்டைப்பையில் வைத்திருங்கள், ஆபத்துக்கு உதவும். ஆனால் அதைக் கையில் எடுத்துவிட்டால் தனிமை போய்விடும்.

கடைசியாக, சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். வாசிகசாலையில் ஒரு கொப்பியை வையுங்கள். "குளிர்காலக் குறிப்பேடு" என்று அதற்குப் பெயரிடலாம். ஆறுமணிக்குருவியின் குரல் இவ்வாண்டு முதலில் எந்த நாளில் கேட்டது, எந்த ஓடையில் தண்ணீர் குறைந்தது, எந்தச் சரிவில் வெடிப்புக் கண்டது என்று, நடந்து வந்தவர்கள் இரண்டு வரி எழுதட்டும். எழுதத் தெரியாத பெரியவர்கள் சொல்ல, பிள்ளைகள் எழுதட்டும். பத்து ஆண்டுகள் கழித்து அந்தக் கொப்பி நம் மலையின் வரலாறாக இருக்கும். அந்த வரலாற்றை எழுதியவர்கள் நம்மவர்களாக இருப்பார்கள்.

தனியே சென்று கண்டதைக் கூடி இருந்து பகிர்ந்துகொள்வதே நான் விரும்பும் தனிமை. வரும் தை மாதத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம், ஒருவராகப் புறப்படுங்கள். பெரியோர்கள் தடுக்காமல், "என்ன பார்த்தாய்?" என்று மட்டும் கேளுங்கள்.